சொந்தத் தொழிலுக்கு முன் மீடியா சேல்ஸ்: என் அனுபவத்திலிருந்து

தொழில் தொடங்கும் எண்ணம் இருக்கிறது, அதற்கு முன் எந்த வேலைக்குப் போகலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது மீடியா சேல்ஸ், அதாவது விளம்பரத்துக்கான இடத்தையும் நேரத்தையும் விற்கும் வேலை. பத்திரிகை, எஃப்எம், டிவி, ஹோர்டிங், இணையதளம், எதுவானாலும் சரி. எம்பிஏ முடித்தவர்கள் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். நான் அந்த வேலையிலிருந்துதான் சொந்தத் தொழிலுக்கு வந்தேன்.

துணி விற்காவிட்டால் அடுத்த மாதம் தள்ளுபடியில் தள்ளிவிடலாம். இன்றிரவுச் செய்திக்கு நடுவே வரும் 30 விநாடி இன்று விற்காவிட்டால் போச்சு. அதற்காகக் கடைசி நேரத்தில் விலையைக் குறைத்தால், அடுத்த முறையும் அந்த வாடிக்கையாளர் கடைசி நேரம் வரை காத்திருப்பார். அதனால் ரேட்டைத் தொடாமல் ஒன்றிரண்டு ஸ்பாட்டை (ஒரு முறை விளம்பரம் ஓடும் நேரம்) கூடுதலாகக் கொடுப்போம். விற்காமல் நிற்கும் இடத்தை வீணாக்காமல் பயன்படுத்துவதில், சிஎன்என் என்ற அமெரிக்கச் செய்தி சேனலைத் தொடங்கிய டெட் டர்னர் கில்லாடி. அப்பாவின் ஹோர்டிங் கம்பெனியில் வேலை பழகியவர், 1963-இல் அப்பா இறந்ததும் பொறுப்பேற்றார். 1970-இல் அட்லாண்டாவில் ஒரு சின்ன டிவி நிலையத்தை வாங்கியபோது, விற்காமல் காலியாக நின்ற தன் ஹோர்டிங்குகளிலேயே அதை விளம்பரப்படுத்தினார். சிஎன்என் வந்தது 1980-இல்.

ஆனால் பெரிய லாபம் வேறு. நகைக்கடை, மருத்துவமனை, கோச்சிங் சென்டர், வீடு கட்டி விற்பவர் என்று பல முதலாளிகளின் எதிரில் உட்காரலாம். யாருக்கு எந்த மாதம் கையில் காசு புரளும், எதில் லாபம் நிற்கும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். ஒரு ஃபர்னிச்சர் கடைக்காரர், "விளம்பரம் போட்டும் ஒருத்தரும் வரலை" என்று பில்லை நிறுத்திவிட்டார். விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு நானே போன் செய்தேன். எடுத்த பையன், "அப்படி ஆஃபர் எதுவும் இல்லையே சார்" என்றான். கடைக்காரர் எதிரிலேயே ஸ்பீக்கரில் இன்னொரு முறை செய்தேன். மறுநாள் செக் வந்தது. இன்று என் தொழிலில் எந்த அறிவிப்பு வெளியே போனாலும், முதலில் போன் எடுப்பவருக்குத்தான் சொல்கிறேன்.

டார்கெட் தொல்லையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். கலெக்‌ஷனைப் பற்றி, அதாவது விற்றதற்குப் பணம் வசூலிப்பதைப் பற்றி, பேச மாட்டார்கள். விளம்பர ஏஜென்சி வழியாக வரும் ஆர்டரில் வழக்கமாக 15 சதவீதம் கமிஷன் போய்விடும். மிச்சம் வர 60 நாள், 90 நாள் ஆகும். பில்லோடு விளம்பரம் வந்த பக்கத்தை இணைக்க மறந்தால் அதையே சாக்காக வைத்து இன்னும் இழுப்பார்கள். விற்றது வேறு, பணம் வந்தது வேறு என்பது இங்கே உடம்பில் ஏறிவிடும். புதுத் தொழில்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

சேர்வதென்றால் சின்ன நிறுவனமாகப் பாருங்கள். பெரிய பிராண்டில் பெயரே பாதி விற்றுக்கொடுக்கும், கலெக்‌ஷனுக்குத் தனி ஆள் இருப்பார். அப்புறம், விலகும்போது வாடிக்கையாளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். வேலை ஒப்பந்தத்தில் அதற்குத் தடை இருக்கிறதா என்று சேரும்போதே படித்துவிடுங்கள்.