ஓட்டுக் கேட்டு வந்த ஆடிட்டர்

மாசசூசெட்ஸில் நான் போட்ட முதல் ஓட்டு 2022 நவம்பர் 8-ஆம் தேதி. குடியுரிமை வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சாவடியில் முதலில் கேட்டது தெருப் பெயர், அப்புறம் வீட்டு எண், கடைசியாகத்தான் என் பெயர். எழுத்துக்கூட்டிச் சொல்லியே சலித்துப்போனவனுக்கு அது பெரிய நிம்மதி. விரலில் மை இல்லை. ஒரு தாளும் பேனாவும் தந்து, முட்டை வடிவக் கட்டத்தைக் கறுப்பாக்கச் சொன்னார்கள்.

கவர்னரில் தொடங்கிப் பொருளாளர் வரை தாண்டியதும் மாநில அரசின் கணக்கைத் தணிக்கை செய்கிற 'ஆடிட்டர்' என்று ஒரு பதவி, அதற்கு ஐந்து பேர் போட்டி!

ஊரில் அப்பா பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் வேலை பார்த்தவர். லோக்கல் ஃபண்ட் ஆடிட் வந்தால் வீட்டில் ஒரு வாரம் யாரும் சத்தமாகப் பேசமாட்டோம். போனில் சொன்னதும் சிரித்தார். "ஆடிட்டுக்கு வர்றவரு நம்மகிட்ட ஒரு காபி குடிச்சாலே தப்பும்பாங்க. இவரு ஓட்டுக் கேட்டு வர்றாரா?"

நம் ஊர் சிஏஜியை, அதாவது தலைமைக் கணக்குத் தணிக்கையாளரை, ஜனாதிபதி நியமிக்கிறார்; 6 வருஷம் அல்லது 65 வயது, எது முந்துகிறதோ அதுவரை பதவி. இங்கே நான்கு வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல். கணக்குப் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. 1987 முதல் 2011 வரை இந்த நாற்காலியில் இருந்த ஜோ டெனூச்சி பழைய குத்துச்சண்டை வீரர்.

அந்த வருஷம் ரிபப்ளிகன் வேட்பாளர் அந்தோணி அமோரே, பாஸ்டனின் கார்ட்னர் மியூசியத்தில் பாதுகாப்பு இயக்குநர். 1990-இல் 13 கலைப்பொருள்கள் திருடுபோய், இன்றும் படமில்லாத வெறும் ஃபிரேம்கள் தொங்குகிற அதே மியூசியம். களவைத் தேடுகிற ஆள் கணக்கையும் பார்க்கட்டுமே என்று எனக்கு ஒரு சபலம். டெமாக்ரட் டயானா டிசோக்லியோ மாநில செனட்டர். முன்பு சட்டமன்றத்தில் உதவியாளராக இருந்து வேலை போனபோது, வெளியே பேசமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவர்; 2018-இல் அவையிலேயே எழுந்து அந்த ஒப்பந்தத்தை மீறிப் பேசினார். சட்டமன்றத்தையே தணிக்கை செய்வேன் என்பது அவர் வாக்குறுதி.

"அவங்க கட்சி கணக்க அவங்களே பாக்கறதா? வெளங்கின மாதிரிதான்" என்றார் அப்பா. எனக்கும் அதே சந்தேகம். யாருக்குப் போட்டேன் என்பதை அவரிடமும் சொல்லவில்லை.

ஜெயித்தது டிசோக்லியோ. வந்ததும் சொந்தக் கட்சிக்காரர்கள் நிறைந்த சட்டமன்றத்தோடு மல்லுக்கு நின்றார். அவர்கள் கதவைத் திறக்கவில்லை. 2024-இல் அதை நேரடியாக மக்கள் முன் வைத்தார்கள். கேள்வி எண் 1: சட்டமன்றத்தைத் தணிக்கை செய்யலாமா? பத்தில் ஏழு பேருக்கு மேல் ஆமாம் என்றார்கள். அதில் என் ஓட்டும் ஒன்று. அதற்குப் பிறகும் சட்டமன்றத் தலைமை அரசியல் சாசனத்தைக் காட்டி மறுத்தது.

அப்பா இப்போதெல்லாம் பேரன் சாப்பிட்டானா என்று கேட்ட கையோடு கேட்கிறார்: "என்னடா, அந்த அம்மாவுக்கு ஃபைலக் குடுத்தாங்களா?"