விட முடியாத எலிகள்

மதுவுக்கு அடிமையாவதைப் பற்றி எலிகளை வைத்து ஆராய்கிறேன் என்று சொன்னால், "எலி குடிக்குமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். குடிக்கும். ஆனால் சும்மா வைத்தால் அவ்வளவாகத் தொடாது, எத்தனாலின் (மதுவில் போதை தரும் பொருள்) காட்டம் அதற்குப் பிடிப்பதில்லை. சர்க்கரைக் கரைசலில் கலந்து கொடுத்து, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பழக்கலாம். 20 சதவீத எத்தனால் புட்டியை ஒருநாள் விட்டு ஒருநாள் வைத்தாலும் பழகிவிடும். தினமும் கிடைப்பதைவிட விட்டுவிட்டுக் கிடைத்தால்தான் அதிகமாகக் குடிக்கும்.

அமெரிக்காவில் நான் வேலைபார்த்த ஆய்வகத்தில் ஆவி முறைதான் வழக்கம். 14 மணி நேரம் கூண்டுக்குள் எத்தனால் ஆவி, 10 மணி நேரம் வெறும் காற்று. வாரக்கணக்கில் இப்படியே. வாலிலிருந்து துளி ரத்தம் எடுத்துப் பார்த்தால், டெசிலிட்டருக்கு 150 முதல் 250 மில்லிகிராம் மது இருக்க வேண்டும். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் வண்டி ஓட்டுபவருக்கு வரம்பு 80. ஆவியை நிறுத்திய சில மணி நேரத்தில் எலிக்கு வால் விறைக்கும், உடல் நடுங்கும். நேற்றுவரை கையில் சாதுவாக உட்கார்ந்த எலி மெல்லத் தொட்டாலே கத்தும். இந்த வேலையில் எனக்குக் கஷ்டமாக இருந்தது இதுதான். இந்த வேதனையைக் கொடுப்பது நாம். அதற்கு ஈடாக, நோயாளிக்கு உதவும் விடை ஒன்று வந்தே ஆக வேண்டும்.

அந்த நேரத்தில், அழுத்தினால் மது தரும் லீவரை வைத்தால், ஆவி படாத எலியைவிட மிக அதிகமாக அழுத்தி அழுத்திக் குடிக்கும். பயம், பதற்றம் போன்ற உணர்வுகளோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலாவில் சிஆர்எஃப் என்ற மன அழுத்தப் புரதம் ஓங்கியிருப்பது ஒரு காரணம். அது ஒட்டிச் செயல்படும் இடமான ஏற்பியை மருந்தால் அடைத்தால் இந்த எலிகளின் குடி குறைந்தது. எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை வந்தது. ஆனால் பெக்சாசர்ஃபாண்ட், வெருசர்ஃபாண்ட் என்று அதே வழியில் செயல்படும் இரு மருந்துகளைக் குடிநோயாளிகளிடம் சோதித்தபோது, அவர்களின் வேட்கை தணியவில்லை.

எனக்குத் தோன்றும் ஒரு காரணம் இது: ஆவி அறையில் எல்லா எலிகளையும் நாமே அடிமையாக்குகிறோம். மனிதர்களில் குடிப்பவர்கள் பலர், அடிமையாகிறவர்கள் சிலர்.

2018-இல் சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகக் குழு இதை நேராகக் கையில் எடுத்தது. மது குடிக்கப் பழகிய எலிகளுக்கு, மதுவா இனிப்பான சாக்கரின் நீரா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கொடுத்தார்கள். பெரும்பாலானவை இனிப்புக்கு மாறிவிட்டன. சுமார் 15 சதவீதம் மதுவிலேயே நின்றன. கசப்பான குயினைனைக் கலந்தாலும், காலில் மின்அதிர்ச்சி கொடுத்தாலும் விடவில்லை. அவற்றின் அமிக்டலா மையப் பகுதியில் நரம்புச் செல்களின் செயலைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளை உறிஞ்சி அகற்றும் ஜிஏடி-3 (GAT-3) என்ற புரதம் குறைவாக இருந்தது. இனிப்பை விரும்பிய எலிகளில் அதைச் செயற்கையாகக் குறைத்ததும் அவையும் மதுவுக்கு மாறின. மதுவுக்கு அடிமையாக இருந்து இறந்தவர்களின் மூளைத் திசுவிலும் அதே குறைவு தெரிந்தது.

"மனசு வச்சா விட்டுடலாமே" என்று உறவினர்கள் சொல்லும்போது எனக்கு அந்த எலிகள்தான் நினைவுக்கு வரும். மற்றவை பெற்ற அதே பயிற்சிதான் அவற்றுக்கும்.

குழுவின் சராசரியை மட்டும் பார்த்தால் இந்தச் சில எலிகள் கண்ணிலேயே படாது. அதனால் புதிதாக வரும் மாணவர்களிடம் முதலில் ஒவ்வொரு எலிக்கும் தனித்தனி வரைபடம் போடச் சொல்கிறேன். சராசரி எல்லாம் அப்புறம்.