நீலச் சட்டையும் ஒரு தாய்க்குதிரையின் வழியும்

2021 மார்ச் 24 அன்று, காயல்பட்டினத்திலிருந்து வாப்பா அனுப்பிய குரல் செய்தியில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "நம்ம நாயிஃப் குதிரைக்காரங்க மவுத்தாயிட்டாங்களாம் வாப்பா." ஐக்கிய அரபு அமீரகத்தின் நிதியமைச்சராக 1971 முதல் இருந்தவரும், துபாயின் துணை ஆட்சியாளருமான ஷேக் ஹம்தான் பின் ராஷித் அல் மக்தூம் அவர்கள் தமது எழுபத்தைந்தாம் வயதில் காலமான செய்தியை உலகச் செய்தி நிறுவனங்கள் எப்படியெப்படியோ எழுதின. எங்கள் வீட்டில் அவர் கடைசிவரைக்கும் நாயிஃப் என்ற பந்தயக் குதிரையை வைத்திருந்த குதிரைக்காரர்தான்.

அமீரகத்தில் நம் பள்ளியில் படித்தவர்களுக்கு அவர் பெயர் வேறொரு வழியில் பழக்கமானது. 1998-இல் அவர் பெயரில் தொடங்கிய கல்விச் சிறப்பு விருதுக்காக, ஆண்டுதோறும் நம் ஆசிரியைகள் நாலைந்து மாணவர்களைப் பிடித்து உட்காரவைத்து, சான்றிதழ்களையும் புகைப்படங்களையும் பிளாஸ்டிக் உறைகளில் செருகச் சொல்லி, தலையணை கனத்தில் கோப்புகளைத் தயாரிப்பார்கள் என்பது இந்த மலரைப் படிக்கும் பலருக்கும் நினைவிருக்கும். நானும் ஒரு கோப்பு தயாரித்தேன். நீச்சல் போட்டியில் மூன்றாம் இடம் வாங்கியதற்கும், பள்ளி வாசலில் வேப்பங்கன்று நட்டதற்கும் அதில் ஆதாரங்கள் இருந்தன. விருது எனக்குக் கிடைக்கவில்லை; அந்தக் கன்றும் அடுத்த கோடையைத் தாண்டவில்லை. எனக்கு இரண்டு வகுப்பு மூத்த அக்கா ஒருவருக்குக் கிடைத்தது. ஷேக் அவர்களை அருகில் பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வதைத்தான் அந்த அக்காவும் திரும்பி வந்து சொன்னார்: அதிகம் பேசவில்லை.

அவர் பேச்சு முழுவதும் குதிரை வளர்ப்பில் இருந்தது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் வாப்பாதான். துபாயின் தேராவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த வாப்பா, பணம் வைத்து ஆடும் எதையும் ஹராம் என்று ஒதுக்குபவர். ஆனால் அன்றைய துபாயில் பந்தயச் சூதாட்டம் கிடையாது. எந்தெந்தப் பந்தயத்தில் எந்தக் குதிரை முந்தும் என்று ஊகித்து எழுதிப் பெட்டியில் போடும் இலவசச் சீட்டுத்தான் உண்டு. அதை நிரப்புவதற்காகவே வெள்ளிக்கிழமைகளிலும் பெருநாள் விடுமுறைகளிலும் நம்மவர்களும் மலையாளிகளும் பாகிஸ்தானியரும் நாத் அல் ஷிபா பந்தய மைதானத்தின் இலவசப் பகுதியில் புல்லில் குந்தியிருப்பார்கள். முழங்காலின் மேல் சீட்டை வைத்து எழுதியதால் வாப்பாவின் வெள்ளைக் காற்சட்டையில் பேனா மசி இறங்கி, உம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

2002 மார்ச் 23, துபாய் உலகக் கோப்பை நாள். பதினொன்றாம் வகுப்புத் தேர்வு முடிந்திருந்தது. அன்று இரவு விளக்கொளியில் ஷீமா கிளாசிக் பந்தயத்துக்காக அணிவகுத்து நடந்த குதிரைகளில் ஒன்றைக் காட்டி, "அந்த நீலச் சட்டையைப் பாரு, தோள்ல வெள்ளை, தொப்பியில கோடு, அது ஷேக் ஹம்தான் நிறம். அந்தக் குதிரையோட உம்மா இங்கிலாந்து ராணி வீட்டுல பொறந்தது" என்றார் வாப்பா. நான் நம்பவில்லை. கணக்கெழுதுபவருக்கு ராணி வீட்டுக் குதிரையின் வம்சம் எப்படித் தெரியும் என்ற இளக்காரம். ரிச்சர்ட் ஹில்ஸ் ஓட்டிய நாயிஃப் அந்தப் பந்தயத்தை வென்றது. எங்களைச் சுற்றியிருந்தவர்கள் குதிரைக்கல்ல, தங்கள் சீட்டுக்கே கைதட்டினார்கள். வாப்பா மட்டும் குதிரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரிந்தது, கேம்பிரிட்ஜ் பக்கம் வேலைக்கு வந்து, குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன நியூமார்க்கெட்டும், ஷேக்கின் பண்ணைக்குப் பக்கத்து ஊரான தெட்ஃபோர்டும் அன்றாடச் சாலைப் பலகைகளில் வரும் பெயர்களாகிவிட்ட பிறகு. எலிசபெத் ராணியார் வளர்த்த ஹைட் ஆஃப் ஃபேஷன் என்ற பெண் குதிரை, 1982-இல் நியூமார்க்கெட்டில் ஒரு பெரிய பந்தயத்தை வென்ற கையோடு ஷேக் ஹம்தானுக்கு விற்கப்பட்டது. அந்தப் பணத்தில்தான் ராணியார் வெஸ்ட் இல்ஸ்லி பயிற்சிக் கொட்டகைகளை வாங்கினார் என்று பந்தய உலகில் சொல்வார்கள். வாங்கியவருக்காக ஓடியபோது அந்தக் குதிரை சோபிக்கவில்லை. வேறொருவராக இருந்தால் ஏமாந்துவிட்டோம் என்று நினைத்திருப்பார். ஆனால் அது தாயானபோது பிறந்தவற்றில் ஒன்று நாஷ்வான். 1989-இல் இரண்டாயிரம் கினி, எப்சம் டெர்பி, எக்லிப்ஸ், கிங் ஜார்ஜ் ஆகிய நான்கு பெரிய பந்தயங்களையும் ஒரே பருவத்தில் வென்ற முதல் குதிரை அதுதான். உன்ஃபுவைனும், நான் துபாயில் பார்த்த நாயிஃபும் அதே தாயின் பிள்ளைகள்.

நாஷ்வானைப் பயிற்றுவித்தவர் டிக் ஹெர்ன். 1984-இல் வேட்டைக் களத்தில் குதிரையிலிருந்து விழுந்து, அதன்பின் சக்கர நாற்காலியிலிருந்தே குதிரைகளைப் பழக்கியவர். வெஸ்ட் இல்ஸ்லியில் அவருடைய குத்தகை நீட்டிக்கப்படாது என்று தெரியவந்து, இங்கிலாந்தே இரண்டு பட்டுப் பேசிக்கொண்டிருந்த ஆண்டில்தான் நாஷ்வான் டெர்பியை வென்றது. ராணியாரின் குதிரைக்குப் பிறந்த குட்டி, ராணியாரின் கொட்டகையை விட்டுப் போகவேண்டியிருந்த ஒரு மனிதருக்கு அந்த வெற்றியைக் கொடுத்தது என்பதைப் படித்தபோது, இதை ஒரு கதையாக யாராவது எழுதினால் செயற்கை என்று தள்ளிவிடுவோமே என்று தோன்றியது. பின்னர் லாம்போர்னில் கிங்வுட் ஹவுஸ் கொட்டகைகளை அமைத்து ஹெர்னை அங்கே குடியேற்றியவர் ஷேக் ஹம்தான்.

அவருடைய பிற வெற்றிகளை நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1994-இல் எர்ஹாப் மூலம் இரண்டாவது டெர்பி, 1986-இலும் 1994-இலும் மெல்போர்ன் கோப்பை, இன்வாஸோர் வென்ற துபாய் உலகக் கோப்பை என்று பட்டியல் நீளும். சல்ஸபீலை மட்டும் விடமுடியவில்லை. சொர்க்கத்தின் நீரூற்றுக்குக் குர்ஆன் தரும் பெயரைத் தாங்கிய அந்தப் பெண் குதிரை, 1990-இல் ஆண் குதிரைகளோடு ஓடி ஐரிஷ் டெர்பியை வென்றது. வாப்பா அதற்காகவே என் தங்கைக்கு அந்தப் பெயரை வைக்க விரும்பி, உம்மாவிடம் தோற்றார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனி உறுத்தலும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர்களுக்காக அரபுக் குதிரைகள் வந்திறங்கிய துறை, தாமிரபரணி முகத்திலிருந்த காயல். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள், பராமரிக்கத் தெரியாமல் சாகக்கொடுத்தார்கள், மறு ஆண்டு மறுபடி வாங்கினார்கள் என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அதே கடலின் மறுகரையில் பிறந்த ஷேக் ஹம்தான், வாங்கிய ஒரு பெண் குதிரையின் மகளையும், மகளின் மகளையும் கைவிடாமல், நார்ஃபோக்கிலுள்ள ஷாட்வெல், அயர்லாந்தின் டெரின்ஸ்டவுன், கென்டக்கிப் பண்ணை என்று மூன்று நாட்டுப் புல்லில் வளர்த்தார். பணம் இருந்தது, சரிதான். காயலில் குதிரை வாங்கிய அரசர்களிடமும் பணம் இருந்தது.

ஷேக் அவர்கள் மறைந்து இரண்டரை மாதம் கழிந்து, 2021 ஜூன் 7 அன்று லெஸ்டரில் முதல் முறையாகக் களமிறங்கிய மூன்று வயதுக் குதிரையின் பெயர் பாயீத். அவரே இனப்பெருக்கி வளர்த்தது. அது ஓடுவதை அவர் பார்க்கவில்லை. வரிசையாகப் பத்துப் பந்தயங்களை வென்றது. 2021 அக்டோபரில் ஆஸ்காட்டில், ராணியாரின் பெயரையே தாங்கிய பந்தயத்தை அது வென்ற நாளில் ராணியாரும் மைதானத்துக்கு வந்திருந்தார். பதினோராவதும் கடைசியுமான ஓட்டத்தில் மட்டும் நான்காவதாக வந்தது. தந்தைக்குப் பிறகு ஷாட்வெல் பொறுப்பை ஏற்ற ஷேக்கா ஹிஸ்ஸா, குதிரைகளின் எண்ணிக்கையைப் பெருமளவு குறைத்தாலும், இந்த வம்ச வழியைக் கைவிடவில்லை.

2022 ஆகஸ்ட் 17 அன்று நான் யார்க்கில் இருந்தேன். ஜட்மாண்ட் இன்டர்நேஷனல் பந்தயத்தில், கடைசி இரண்டு ஃபர்லாங்கில் பாயீதின் மேல் ஜிம் க்ரௌலி அசையாமல் உட்கார்ந்திருக்க, அந்த நீலச் சட்டை மற்றவர்களை ஆறரை உடல் நீளம் பின்னால் விட்டு வந்தது. நெஞ்சின் உரோமத்தில் வியர்வை கோடாக இறங்கியிருந்ததே தவிர, மூச்சு வாங்கவில்லை. கம்பி வேலியில் சாய்ந்தபடி வாப்பாவைக் கைபேசியில் அழைத்தேன். பார்வை மங்கிவிட்டதால் அவர் இப்போது பந்தயம் பார்ப்பதில்லை.

"ஜெயிச்சுதா?" என்று கேட்கவில்லை. "தாய் யாரு?" என்றார்.

"ஆகாரீத்."

"அதுக்குத் தாய்?"

"லஹுதூத். அதுக்கு ராஹயேப். அதுக்கு பஷாயர்."

வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. விரல்விட்டு எண்ணுகிறார் என்று தெரிந்தது. பிறகு, நான் சொல்லும் முன்னாலேயே, அவர்தான் சொன்னார்.

"பஷாயருக்கு உம்மா, ராணி வீட்டுக் குதிரை."