கீழே கெட்டால் மேலே தேடு

அல்ரோ சக்சபோனில் கீழ்ச் சுரங்கள் கரகரத்தால் வாசிப்பவர் முதலில் தன் மூச்சைத்தான் சந்தேகிப்பார். பெரும்பாலும் மூச்சில் பிழையில்லை. எங்கோ காற்று ஒழுகுகிறது. கீழ்ச் சுரத்துக்குக் குழலின் முழு நீளமும் வேண்டும். மேலே துளையை மூடும் தோல்மூடி ஒன்று மயிரளவு தூக்கி நின்றாலே கீழே குரல் உடையும். ஆகவே குழலின் வளைந்த மேல்துண்டான கழுத்திலிருந்து தேடவேண்டும்.

‘ஜி’ சுரம் பிடித்தபடி, ஸ்தாயியை ஏற்றும் ஒக்ரேவ் கீயைப் பெருவிரலால் நாலைந்து தரம் அமத்திப் பாருங்கள். கழுத்திலுள்ள மூடி அசையக்கூடாது. அசைந்தால் அதன் கம்பி வளைந்திருக்கிறது. கழுத்தைப் பொருத்தும்போது அந்தக் கம்பியையே பிடித்துத் திருகுவதால் வரும் வினை. பிறகு இருட்டறையில் குழலுக்குள் சிறு ரோச் பல்பை இறக்கி, மூடிகளை மெதுவாக மூடினால், வெளிச்சம் கசியும் இடம் பிடிபடும். இறுக்கி அமத்தினால் ஒழுக்கு மறைந்துவிடும், பார்த்தும் பயனில்லை.

வன்னியின் காலநிலை தோலுக்கு ஆகாது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் காலத்துக் கச்சான் காற்றில் காய்ந்து சுருங்கும், மார்கழி மழையில் ஊறித் தடிக்கும். வெயிலில் நிற்கும் வான் வண்டிக்குள் விட்டால் மூடியை ஒட்டிய அரக்கே இளகிச் சரியும்.

சுருதியும் வெயிலோடு ஓடும். அல்ரோவின் ‘சி’யைச் சட்சமாக வைத்தால் கேட்பது இரண்டரைக் கட்டைச் சுருதி. 20 பாகையில் ஒலி செக்கனுக்கு 343 மீற்றர், 35 பாகையில் 352; அதனால் சூட்டில் குழலின் சுருதி ஏறும். மின் சுருதிப்பெட்டியோ நின்ற இடத்தில் நிற்கும். மவுத்பீஸைக் கழுத்துத் தக்கையில் சற்று வெளியே இழுக்கலாம். ஆனால் அது குழல் குறுகிய மேல் சுரங்களையே கூடுதலாக இறக்கும். கீழ், மேல் இரண்டு சட்சத்தையும் சுருதிப்பெட்டியோடு ஒப்பிடாமல் மேடையேறக்கூடாது.

ஒட்டிப்பிடிப்பதில் பேர்போனது ஜி-ஷார்ப் மூடி. மூடியே கிடக்கும் அதை ஸ்பிறிங்தான் தூக்கவேண்டும். சீனி போட்ட பிளேன்ரீ குடித்துவிட்டு வாசித்தால் எச்சிலோடு சீனியும் போய்ப் பசையாகும். வாயைக் கொப்பளிப்பதே பாதி மருந்து. மீதிக்கு, சிகரெட் தாளில் ஒரு துளி ஸ்பிரிட் விட்டு, மூடிக்கடியில் வைத்து மூடித் திறந்து எடுக்கவேண்டும். ஸ்பிரிட் கூடினால் அரக்குக் கரையும்; அமத்தியபடி உருவினால் தோல் கிழியும். பவுடர் போடுவோரும் உண்டு. அது அடுத்த மாதத்து அழுக்கு.

மவுத்பீஸில் அதிரும் நாணல் தகடான றீட்டில், மெல்லிய 2ஆம் இலக்கம் கமகத்துக்கு வளையும், மேல் ஸ்தாயியில் தளரும். எதுவானாலும் மூன்று நான்கை மாறிமாறிப் பாவித்து, கண்ணாடித் துண்டில் தட்டையாக வைத்தால் நுனி நெளியாது.

இவற்றையெல்லாம் தள்ளிப்போடுவதன் விலை கையில்தான் விழும். ஒழுக்கோடு மாதக்கணக்கில் வாசித்த விரல்கள் இறுக்கி அமத்தவே பழகிவிடும். இரண்டு கலியாணக் கச்சேரியை விட்டுவிட்டு வாத்தியத்தைக் கொழும்புக்கு அனுப்பித் திருத்தி எடுத்தாலும் விரல் பழைய பலத்தோடுதான் இறங்கும். துரிதச் சங்கதி பிந்தும், மணிக்கட்டு நோகும். திருத்தி வந்த முதல் இரண்டு கிழமை நீள் சுரம் மட்டும், மூடி துளையைத் தொடுகிற அளவு பலத்தில் வாசிப்பது நல்லது. புதுத் தோலில் துளையின் தடம் ஒருபக்கமாக ஆழப் பதிந்தால் அதே இடத்தில் ஒழுக்குத் திரும்ப வரும்.