உலகக் கோப்பை டிக்கெட்: மலையில் இருப்பவர்கள் எங்கே மாட்டிக்கொள்கிறோம்

நீலகிரியில் கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் கால்பந்து உலகக் கோப்பை வந்தால் அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் ஃபிளெக்ஸ் கட்டுவது வழக்கம். இப்போது வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகளும், வெளிநாட்டில் சொந்தக்காரர்கள் இருக்கும் குடும்பங்களும் நேரிலேயே போய்ப் பார்க்க டிக்கெட் எடுக்கிறார்கள். டிக்கெட் கிடைப்பது ஒரு கஷ்டம் என்றால், கிடைத்தது கைக்கு வந்து சேர்வது இன்னொரு கஷ்டம். இங்கே எழுதுவது இரண்டாவதைப் பற்றி.

2018 ரஷ்யா வரை காகித டிக்கெட்தான். முன்கூட்டி வாங்கியவர்களுக்கு ஏப்ரல், மே மாதங்களில் கூரியரில் அனுப்பினார்கள். நீலகிரியில் அது சுற்றுலா சீசன் நேரம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று பாதையை மாற்றிவிடுவார்கள். பார்சல் வண்டி கோவையிலேயே தங்கிப்போகும். அதற்கு முன்னால் சுங்கத்தில் கேஒய்சி கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து தனியாள் பெயருக்கு வரும் கூரியருக்கு அடையாளச் சான்றைப் பதிவேற்றச் சொல்லி எஸ்எம்எஸ் வரும். அதைக் கவனிக்காமல் விட்டால் பார்சல் அங்கேயே கிடக்கும். எஸ்டேட் லைன் வீட்டு முகவரி கொடுத்தால் இன்னும் மோசம். டெலிவரிப் பையன் போன் அடிக்கும்போது இங்கே சிக்னல் இருக்காது, அவன் ‘வீடு பூட்டியிருந்தது’ என்று போட்டுவிட்டுத் திரும்பிவிடுவான். வெளிநாட்டுப் படிவங்களில் 2/145 மாதிரி கதவு எண்ணில் உள்ள சாய்கோட்டையே சிலது ஏற்காது. எதுவாக இருந்தாலும் கூரியரில் வரவேண்டியிருந்தால், பஜாரில் மெயின் ரோட்டில் இருக்கும் தெரிந்த கடை முகவரியைக் கொடுப்பதுதான் சரி. கடைக்காரர் போனையும் சேர்த்தே எழுதுங்கள்.

2022 கத்தாரிலிருந்து டிக்கெட் கைபேசிக்குப் போய்விட்டது. ஐரோப்பிய நாடுகளின் யூரோ 2024-ம் அப்படித்தான், அமெரிக்கா, கனடா, மெக்சிகோவின் 2026 உலகக் கோப்பையும் அப்படித்தான். கூரியர் தொல்லை ஒழிந்தது. அதனால் வேலை சுலபமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். முகவரி இருந்த இடத்தில் இப்போது உங்கள் மின்னஞ்சலும் செல் நம்பரும் உட்கார்ந்திருக்கின்றன. அவை தப்பானால் டிக்கெட் வழி தவறிய பார்சல் மாதிரிதான்.

முதலில் மின்னஞ்சல். பிரவுசிங் சென்டரில் யாரோ உருவாக்கிக் கொடுத்த ஐடி, பாஸ்வேர்டு தெரியாத ஐடி, மகன் கம்பெனி ஐடி எதுவும் ஆகாது. டிக்கெட்டுக்கு விண்ணப்பித்து மாதக்கணக்கில் கழித்துத்தான் அது போட்டி நடத்துபவர்களின் டிக்கெட் ஆப்பில் தெரியும். அதற்குள் மகன் வேலை மாறினால் கணக்குக்குள் போகவே முடியாது. பிறகு செல் நம்பர். டவர் சரியில்லை என்று இங்கே கம்பெனி மாற்றுவது சகஜம். நம்பரை அப்படியே போர்ட் செய்தால் தொந்தரவில்லை. புது சிம் வாங்கிப் பழையதை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால், கணக்குக்குள் போக எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீடு (ஓடிபி) செத்த நம்பருக்குப் போகும். சிக்னல் இல்லாத வீட்டில் இருந்துகொண்டு குறியீடு கேட்கவும் கூடாது. சில நிமிடத்தில் காலாவதியாகும், திரும்பத் திரும்பக் கேட்டால் கணக்கைத் தற்காலிகமாகப் பூட்டிவிடும். டவர் நன்றாகக் கிடைக்கும் இடத்துக்குப் போய் உட்கார்ந்து செய்யுங்கள்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரிய சிக்கல். நமக்கு இனிஷியல்தான், படிவம் குடும்பப் பெயர் கேட்கும், காலியாக விட்டால் நகராது. பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் முழுப் பெயரும் சர்நேம் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்று அச்சாகும். டிக்கெட்டில் ஒரு மாதிரி, விசாவில் ஒரு மாதிரி, விமான டிக்கெட்டில் வேறு மாதிரி என்று ஆகிவிட்டால் கவுன்டரில் விளக்கி மாளாது. பாஸ்போர்ட் புதுப்பிக்கும் நேரம் வந்திருந்தால், அப்பா பெயரைச் சர்நேமாகச் சேர்த்துவிட்டு அதன்பின் விண்ணப்பிப்பது நல்லது. அது முடியாதவர்கள் எல்லா இடத்திலும் ஒரே எழுத்தில் கொடுங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக. குலுக்கல் முறையில் விழுந்தால் கார்டிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்வார்கள். ரிசர்வ் வங்கி 2020-ல் கொண்டுவந்த விதிப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வங்கி ஆப்பில் சர்வதேச ஆன்லைன் பரிவர்த்தனையைத் திறந்து, லிமிட்டையும் உயர்த்தி வைக்க வேண்டும். இல்லையென்றால் விழுந்த டிக்கெட்டும் போய்விடும்.

2026-க்கு ஒரு ஆட்டத்துக்கு ஒருவர் அதிகபட்சம் 4 டிக்கெட் வாங்கலாம். நாலும் வாங்கியவர் கணக்கில்தான் வரும். மற்றவர்களுக்கு ஆப் வழியாக அனுப்ப வேண்டும், அவர்களும் தங்கள் மின்னஞ்சலில் கணக்கு திறந்து ஏற்றுக்கொள்ள வேண்டும். ‘அங்கே போய்ப் பார்த்துக்கலாம்’ என்று விடாமல், பரிமாற்றம் திறந்ததுமே ஊரில் இருக்கும்போதே முடியுங்கள். தாத்தா, பாட்டி வருகிறார்கள் என்றால் அவர்கள் போனில் ஆப் ஓடுமா என்று முதலிலேயே பாருங்கள். பழைய ஆண்ட்ராய்டில் சில ஆப் இறங்கவே இறங்காது.

ஸ்கிரீன்ஷாட்டை நம்பவே வேண்டாம். யூரோ டிக்கெட்டில் கியூஆர் குறியீடு மைதானத்துக்குப் பக்கத்தில் புளூடூத் மூலம்தான் உயிர் பெறும். முந்தின நாள் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினால் அதில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் ‘டிக்கெட் இருக்கிறது, பிடிஎஃப் அனுப்புகிறேன், பாதிப் பணம் ஜிபே பண்ணுங்கள்’ என்று குரூப்பில் வரும் ஆளை உடனே ஒதுக்கிவிடலாம். கைபேசி டிக்கெட் மட்டும் உள்ள போட்டிக்கு பிடிஎஃப் டிக்கெட் என்று ஒன்று கிடையாது. விற்க நினைப்பவர் ஃபிஃபாவின் மறுவிற்பனைத் தளத்தில் போடட்டும். அங்கே விற்பவரிடம் 15 சதவீதம், வாங்குபவரிடம் 15 சதவீதம் பிடிப்பார்கள். அது அநியாயத் தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் டிக்கெட் கட்டாயம் கணக்குக்கு வரும்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஆப் விழலாம். 2022 நவம்பர் 21 அன்று கலீஃபா மைதானத்தில் இங்கிலாந்து–ஈரான் ஆட்டத்துக்கு வந்தவர்கள் பலருக்கு ஆப்பில் டிக்கெட்டே தெரியவில்லை. ஆட்டம் தொடங்கியும் வெளியே நின்றார்கள். பதிவு செய்த மின்னஞ்சலைப் பாருங்கள், வழிமுறை அதில் வரும் என்றது ஃபிஃபா. போனில் மின்னஞ்சல் திறந்திருந்தவர்களுக்கு அது உதவி, திறக்க ஊரில் இருக்கும் சிம்முக்குக் குறியீடு போகும் என்றால் அதுவும் இல்லை. ஆகவே இந்திய சிம்மைக் கழற்றாதீர்கள். பிரீபெய்டாக இருந்தால் கிளம்பும் முன்பே சர்வதேச ரோமிங் பேக் போட்டு, டேட்டாவுக்கு அந்த ஊர் ஈசிம் (கார்டு போடாமல் போனிலேயே ஏற்றும் சிம்) வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் எண், பணம் பிடித்த ரசீது மின்னஞ்சல் இரண்டையும் அச்சடித்துப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். அதைக் காட்டி உள்ளே போக முடியாது, ஆனால் டிக்கெட் உதவிக் கவுன்டரில் உங்கள் கணக்கைத் தேட அவர்களுக்கு அந்த எண் வேண்டும்.

ஆட்டத்தன்று காலையிலேயே ஆப்பை ஒருமுறை திறந்து லாகின் இருக்கிறதா என்று பாருங்கள். வரிசையில் நிற்கும்போது ஆப்பை அப்டேட் செய்யவோ, லாக் அவுட் செய்யவோ கூடாது. பல்லாயிரம் பேர் ஒரே டவரில் தொங்கும் இடத்தில் மறுபடி உள்ளே போக அரைமணி நேரம்கூட ஆகும்.