மூன்றாம் நாள்தான் மோசம்

முதல் கீமோ முடிந்து வீட்டுக்கு வந்தபோது, இவ்வளவுதானா என்றுதான் தோன்றியது. எனக்கு மார்பகப் புற்றுநோய். ஏசி என்று சுருக்கமாகச் சொல்லும் மருந்துக்கூட்டு, 21 நாளுக்கு ஒரு முறை, மொத்தம் 4 தடவை. சிவப்பு மருந்து ஏறியது, சிறுநீர் சிவப்பாகப் போனது, மாலையில் பசி கூட எடுத்தது. கையில் கொடுத்தனுப்பிய ஆன்டான்செட்ரான் என்ற வாந்தித் தடுப்பு மாத்திரையை, குமட்டினால் பார்த்துக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைத்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

இரவு 11 மணிக்கு ஆரம்பித்தது. முதல் வாந்திக்கு அப்புறம்தான் மாத்திரையைத் தேடிப் போட்டேன், பத்து நிமிடத்தில் அதுவும் வெளியே வந்து வாளியில் பாதி கரைந்த வெள்ளை வட்டமாகக் கிடந்தது, இன்னொன்று போடலாமா கூடாதா என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் கொஞ்சம் தேவலாம். மூன்றாம் நாள்தான் மோசம். வாந்தி நின்றுவிட்டது, ஆனால் குமட்டல் தொண்டையை விட்டு இறங்கவில்லை. யாராவது ஃபிரிட்ஜைத் திறக்கும் சத்தம் கேட்டாலே வாயில் நீர் ஊறும்.

இரண்டாவது முறை போனபோது டாக்டர் எப்படி இருந்தது என்று கேட்டார். 'பரவாயில்லை டாக்டர்' என்று சொல்லவே வாயெடுத்தேன் (உயிர் பிழைக்க வைத்தியம் பார்க்கிறார்கள், இதில் வாந்தியைப் பற்றிப் புலம்புவதா என்ற கூச்சம்தான்). என் கணவர் விடவில்லை. எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை தடவை என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்ததை எடுத்து நீட்டினார். அதைப் பார்த்ததும் பேச்சே மாறிப்போனது. பஸ் பயணத்தில் வாந்தி வருமா, மசக்கை அதிகமாக இருந்ததா என்று டாக்டர் கேட்டார். இரண்டுக்கும் ஆமாம். அப்படிப்பட்டவர்களுக்கு, அதிலும் வயது குறைந்த பெண்களுக்கு, கீமோ வாந்தி வரும் வாய்ப்பு அதிகமாம். நானாகவே முதலில் சொல்லியிருக்கலாம்.

அவர் விளக்கியதில் எனக்குப் புரிந்தது இது. முதல் 24 மணி நேர வாந்திக்குப் பெரும்பாலும் குடலில் சுரக்கும் செரட்டோனின் என்ற பொருள் காரணம், ஆன்டான்செட்ரான் அதைத்தான் தடுக்கும். அதற்குப் பிறகு ஐந்து நாள் வரை வருவதில் மூளையில் வேலை செய்யும் வேறொரு பொருளுக்குப் பங்கு அதிகம், அதற்கு வேறு மருந்து வேண்டும். வாந்தி கிளம்பிய பிறகு அடக்குவதைவிட வராமலே தடுப்பது எவ்வளவோ சுலபம் என்பதால், தடுப்பு மருந்தைக் கீமோ ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

அதனால் இந்த முறை கீமோவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் அந்த வேறு மருந்தான அப்ரெபிடன்ட் 125 மில்லிகிராம், அடுத்த இரண்டு நாளும் காலையில் 80. கூடவே டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டும், வாந்தியைத் தடுக்க ஒரு ஊசியும். இரவில் ஓலன்சபின் 5 மில்லிகிராம், நான்கு நாளைக்கு. இந்தக் கடைசி மாத்திரையின் தாளை வீட்டில் பிரித்துப் படித்துவிட்டுப் பயந்துபோனேன், மனநோய்க்கு என்று போட்டிருந்தது. போன் செய்து கேட்டேன், குமட்டலுக்கும் நன்றாகக் கேட்கும் என்றார்கள். உண்மைதான், மூன்றாம் நாள் முழுத் தட்டுச் சாப்பிட்டேன். ஆனால் மதியம் வரை தூக்கம் கண்ணைச் சுற்றியது, அடுத்த முறை பாதியாகக் குறைத்தார்கள். டெக்சாமெதசோன் போட்ட இரவு அதற்கு நேர்மாறு, ஓலன்சபினையும் மீறிக் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன்.

யாரும் சொல்லாத ஒன்று, மலச்சிக்கல். வாந்தி மாத்திரையே வயிற்றைக் கட்டிவிடும், கட்டினால் மறுபடி குமட்டும். முதல் நாளிலிருந்தே மலமிளக்கி எடுத்த பிறகுதான் அது சரியானது.

அப்புறம் ஒரு விசித்திரம். மூன்றாவது முறை, மருந்து ஏறும் முன்பே, வார்டு வாசலில் கை கழுவும் திரவத்தின் வாசனைக்கே வயிற்றைப் புரட்டியது. முதல் தடவை பட்டதை உடம்பு மறக்கவில்லை. நான்காவதுக்கு முந்தின இரவும் அன்று காலையும் பதற்றம் குறைக்க லோராசெபாம் கொடுத்தார்கள். குழாயில் உப்பு நீர் செலுத்தும்போது வரும் அந்த உலோகக் கசப்புக்கு, வாயில் ஒரு புளிப்பு மிட்டாய் போட்டுக்கொண்டேன்.

அந்த முறையும் வாளியைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் எடுத்து அதில் துணி ஊற வைத்தேன்.