விரிதாளில் எண்களை முழுமையாக்குதல்: சி.ஓ.ஏ. தேர்வுக்குப் படித்த அனுபவம்

கோத்தகிரியில் இருந்தபடி சி.ஓ.ஏ. எனப்படும் அலுவலகத் தானியக்கக் கணினிச் சான்றிதழ்த் தேர்வுக்குப் படித்தபோது, எக்செல் பகுதியில் நான் நிதானமாகப் பயின்றவை எண்களை முழுமையாக்கும் சார்புகளே (ஃபங்ஷன்கள்). எளிதாகத் தோன்றும் இவற்றில்தான் விடை மாறிப்போக வாய்ப்பு மிகுதி என்பதால், அடுத்துத் தேர்வெழுதுவோருக்காக எழுதுகிறேன்.

கட்டத்தில் தெரியும் எண்ணும் அதனுள் இருக்கும் எண்ணும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பசுந்தேயிலை கொடுத்த மூன்று சிறு விவசாயிகளுக்கு 431.40, 286.45, 512.45 ரூபாய் சேர வேண்டும் எனக் கொள்வோம். தசம இடங்களைக் குறைக்கும் பொத்தானை அழுத்தினால் 431, 286, 512 என்று தெரியும். கூட்டுத்தொகையோ 1230 என்று காட்டும். கையால் கூட்டிப் பார்ப்பவருக்கு 1229தான் வரும். அந்தப் பொத்தான் தோற்றத்தை மட்டுமே மாற்றுகிறது, உள்ளிருக்கும் 1230.30 அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு வரிசையிலும், எண்ணையே அருகிலுள்ள முழு எண்ணாக மாற்றும் ரவுண்ட் (ROUND) சார்பை இட்டு, அதன் பிறகு கூட்டினால்தான் பட்டியலும் தொகையும் ஒத்துப்போகும்.

ரவுண்ட் சார்பின் இரண்டாம் மதிப்பு எத்தனை தசம இடம் வேண்டும் என்பதைக் குறிக்கும். அது குறை எண்ணாகவும் இருக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தொட்டபெட்டாவின் உயரமான 2637 மீட்டரை -2 இட்டு முழுமையாக்கினால் 2600, -3 இட்டால் 3000.

வினா எந்தத் திசையில் முழுமையாக்கச் சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மூட்டைக்கு 30 கிலோ வீதம் 214 கிலோ இலையைக் கட்ட எத்தனை சாக்கு தேவை என்று கேட்டால், வகுத்து வரும் 7.13-ஐ ரவுண்ட் 7 ஆக்கிவிடும். மீதி இலைக்கும் சாக்கு வேண்டுமல்லவா? இங்கு மேல்நோக்கி முழுமையாக்கும் ரவுண்ட்அப் (ROUNDUP) இட்டு 8 பெறுவதே சரி.

குறை எண்களில் இன்னும் கவனம் தேவை. உறைபனிக் காலத்தில் தலைகுந்தாவில் -1.3 டிகிரி பதிவானதாகக் கொண்டால், கீழ்நோக்கி முழுமையாக்கும் இன்ட் (INT) சார்பு -2 தரும், தசமப் பகுதியை வெட்டிவிடும் ட்ரங்க் (TRUNC) சார்பு -1 தரும். மிகை எண்களில் இரண்டும் ஒரே விடையைத் தருவதால், இந்த வேறுபாட்டைச் சோதிக்க விரும்புபவர் குறை எண்ணைத்தான் கொடுப்பார்.

சராசரி, விழுக்காடு கேட்கும் கணக்குகளில் இடையில் எங்கும் முழுமையாக்காமல் இறுதி விடையில் மட்டும் ரவுண்ட் இடுங்கள். ஒவ்வொருவரின் கையிலும் முழு ரூபாயாகத் தர வேண்டிய பட்டுவாடாப் பட்டியலில் மட்டும் வரிசைதோறும் இடுங்கள்.